மூன்று காலிக் கட்டங்கள்

பாட ஆலோசகர் பென்சில் சார் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். தாள் முழுக்க அவர் எழுதியிருந்தது பென்சிலில். அவள் கையெழுத்து மட்டும் எதற்குப் பேனாவில்?

"போடும்மா. கீழே, வலது பக்கம்."

நாலு வருஷ இயற்பியல் பட்டப்படிப்பும் அந்த ஒரே தாளில் அடங்கியிருந்தது. எட்டு செமஸ்டருக்கு எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். முதல் இரண்டு வரிசைகளை அவள் முடித்துவிட்டாள். மூன்றாவதில் கணித இயற்பியல் இரண்டாம் பாகம், வெப்ப இயக்கவியல், ஒளியியல் ஆய்வகம். நான்காவதில் மின்காந்தவியல், ஐந்தாவதில் குவாண்டம். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி அடுக்கியிருந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழாம் வரிசையில் ஒன்று, எட்டாம் வரிசையில் இரண்டு, ஆக மூன்று கட்டங்கள் மட்டும் வெள்ளையாகக் கிடந்தன.

"சார், இந்த மூணும் ஏன் காலியா இருக்கு?"

"அது விருப்பப்பாடம். அப்புறம் பாத்துக்கலாம்."

"யார் சார் பாத்துப்பாங்க?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அவசரத்தில் இருக்கிற மனுஷனின் சிரிப்பு. வெளியே இன்னும் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். "நீதான். வேற யாரு?"

"அப்ப இப்பவே எழுதிடறேனே."

"இப்ப எதுக்கும்மா? ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற பாடம். எல்லாரும் காலியாத்தான் விடறாங்க. போடு, போடு."

அவள் பேனாவைத் தொடவில்லை. தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல சார்? வீட்ல காட்டிட்டுத் தரேன்."

விடுதியில் அவளுக்குக் கொக்கி என்று பேர். யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பாள் என்று அறைத்தோழி வைத்தது, ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கேள்வி கேட்காமல் போட்ட ஒரு கையெழுத்தால் அவள் வீடு என்ன ஆனது என்று அவளுக்குத்தானே தெரியும்.

அப்பாவுக்குக் கல் குவாரியில் துளை போடும் மெஷினில் வேலை. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அந்த மெஷின் அவர் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. மறுநாள் மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஒரு தாளோடு வந்தார். மருந்துக்காகத்தான், கீழே ஒரு கையெழுத்துப் போடு என்றார். அரைத் தாள் காலியாக இருந்தது. அப்பா போட்டார். பிறகு நஷ்டஈடு கேட்கப் போனபோது, அந்தக் காலி இடத்தில் அழகான எழுத்தில் இருந்தது: வேலை நேரத்தில் நான் குடித்திருந்தேன். பக்கத்தில் யாராவது குடித்திருந்தாலே எழுந்து தள்ளி உட்கார்கிற ஆள் அவர்.

அதற்குப் பிறகு குவாரிக்காரர் குடியிருப்பு வரிசையில் எந்த வீட்டிலும், காலி இடம் உள்ள தாளில் கையெழுத்துக் கிடையாது. படிக்கத் தெரிந்தவள் என்று பத்து வயசிலேயே எல்லாத் தாளும் அவளிடம்தான் வரும். எத்தனை வரி இருக்கிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று முதலில் பார்ப்பாள். என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் பிறகுதான்.

இயற்பியலுக்கு அவள் வந்ததும் அந்தக் குவாரியிலிருந்துதான். இவ்வளவு பெரிய பாறை, ஒரு கோட்டில் ஆப்பு வைத்து அடித்தால் அந்தக் கோட்டிலேயே பிளக்கிறது, ஏன்? பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, திடநிலை இயற்பியல் என்று ஒன்று இருக்கிறது, அதைப் படித்தால் தெரியும் என்றார்கள். அது கடைசி வருஷத்தில் வரும். அதற்கு குவாண்டம் முடித்திருக்க வேண்டும், குவாண்டத்துக்குக் கணித இயற்பியல் இரண்டு முடித்திருக்க வேண்டும். அந்தக் கணித இயற்பியலோ ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடக்கும், நாற்பது இடம். இந்தத் தடவை விட்டால் படிப்பு நாலு வருஷத்தில் முடியாது. அவளுடைய கட்டணச் சலுகை நாலு வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. விட்டால் போச்சு.

கடைசி வருஷ அண்ணன் ஒருவன் இருந்தான், தடித்த கண்ணாடிக்காரன், லென்ஸ் என்பார்கள். அவனை உணவுக்கூட வரிசையில் பிடித்தாள்.

"அண்ணா, உங்க திட்டத் தாள்ல காலிக் கட்டம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. எல்லாருக்கும்தான் இருக்கும்."

"அதுல இப்ப என்ன இருக்கு?"

"கருவிப் பட்டறை ஒண்ணு, கருவிப் பட்டறை ரெண்டு, கண்ணாடிக் குழாய் ஊதறது." அவன் கையை விரித்துக் காட்டினான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். "நட்சத்திர இயற்பியல் எடுக்கணும்னு வந்தேன். இப்ப ஸ்பானர் பிடிக்கிறேன். எங்க மாமா லாரிப் பட்டறையில சும்மாவே சொல்லிக் கொடுத்திருப்பாரு."

"யார் எழுதினது அதை?"

"தெரியல. ஒருநாள் போர்டுல வந்துச்சு."

"நீங்க போய்க் கேக்கலையா?"

"கேட்டேன். நீ கையெழுத்துப் போட்ட திட்டம்தானேன்னு காட்டினாங்க. என் கையெழுத்துதான், பொய் சொல்லக் கூடாது." அவன் தட்டை நீட்டினான். "விடு, கொக்கி. பட்டறை மேஸ்திரி நல்ல மனுஷன்."

அவள் விடவில்லை. அன்று சாயங்காலமே துறையின் அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்றாள். கருவிப் பட்டறைப் பட்டியலில் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் விடுதிப் பிள்ளைகள், அவளுக்குத் தெரிந்தவர்கள். துப்புரவு வேலை செய்கிறவர் மகன், லாரி ஓட்டுகிறவர் மகள், செங்கல் சூளை, மூட்டை தூக்கல், தையல். பக்கத்துப் பட்டியல் அணுக்கரு இயற்பியல். அதில் ஒரு டாக்டர் மகள், ஒரு பேராசிரியர் மகன், ஒரு வங்கி மேலாளரின் இரட்டைப் பிள்ளைகள். பட்டியலைப் போட்டது ஒரே அச்சில், ஒரே அளவு எழுத்தில்தான். ஆனால் சல்லடையில் சலித்த மாதிரி பிரிந்திருந்தது. இது தானாக நடக்கிற காரியமா? அவள் மனசு அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டது: பென்சில் சாரும் அந்த மேற்பார்வையாளரும் ஒரே வகை. இவர் தோளில் துண்டுக்குப் பதில் கோட்டு, அவ்வளவுதான்.

புதன்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். அப்பா வேலை முடிந்து குளித்துவிட்டு வந்திருந்தார். அடுக்களைத் தரையில் தாளை விரித்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, கட்டம் கட்டமா?"

"நாலு வருஷத்துல என்னென்ன படிக்கணும்னு திட்டம்மா."

"நாலு வருஷத்துக்கா? எனக்கு நாளைக்கு அடுப்புல என்ன வைக்கிறதுன்னே திட்டம் இல்ல."

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், ஆனால் வெள்ளையைக் கண்டுபிடிக்க நேரமாகாது. மூன்று விரலால் அந்தக் கட்டங்களைத் தொட்டார். "இதுல எவன் எழுதுவான்?"

"அதாம்ப்பா தெரியல. அப்புறம் பாத்துக்கலாங்கறாரு."

"ஆங். எனக்கும் அப்படித்தான் சொன்னான்." தாளைத் தன் பக்கம் திருப்பினார். "நீயே எழுத முடியாதா?"

"எந்தெந்தப் பாடம் நடக்கும்னு எனக்குத் தெரியாதுப்பா. தப்பா எழுதிட்டா வம்பு."

"அப்ப ஒண்ணும் எழுதாதே. கோடு போட்டுரு."

குடியிருப்பு வரிசையில் எல்லாரும் செய்வதுதான் அது. காலி இடத்தை மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு அடைத்துவிட்டால் பிறகு எவனும் அங்கே எதையும் நுழைக்க முடியாது. அவள் இரும்பு ஸ்கேலை வைத்தாள், அப்பா அது நழுவாமல் அழுத்திப் பிடித்தார். மூன்று கட்டத்திலும் பெருக்கல் குறி விழுந்தது. பிறகு பென்சில் எழுத்தையெல்லாம் பேனாவால் ஓட்டினாள். கடைசியாக, முதல் தடவையாக நிம்மதியோடு, கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப வந்து எழுதச் சொல்லு பாப்போம்," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் தாளைக் கொடுத்தாள். அங்கே இருந்த அக்கா தலை நிமிராமலே வாங்கி, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். பென்சில் சார் அன்று ஊரில் இல்லை. ஏமாற்ற நினைத்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

திங்கட்கிழமை கணித இயற்பியல் இரண்டின் பட்டியல் வந்தது. முப்பத்தெட்டு பேர். மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். அவள் பேர் இல்லை.

பதிவு அக்காவின் ஜன்னலுக்கு ஓடினாள். அக்கா திரையைத் தட்டிப் பார்த்தாள். "உனக்கு எப்படிம்மா வரும்? நீ மூணு வருஷப் பொதுப் பட்டத்துலல்ல இருக்கே. அதுல அந்தப் பாடமே கிடையாதே."

"நான் எப்பக்கா அதுக்கு மாறினேன்?"

அக்கா ஒரு கோப்பைப் பிரித்து அவள் தாளையே எடுத்து ஜன்னலில் ஒட்டினாற்போல் காட்டினாள். "கோடு போட்டிருக்கே பாரு, மூணு இடத்துல. கோடு போட்டா அந்தப் பாடம் எனக்கு வேணாம்னு அர்த்தம். மூணு பாடம் வேணாம்னா நாலு வருஷப் பட்டம் நிறையாது. நிறையலேன்னா கம்ப்யூட்டர் தானா பொதுப் பட்டத்துக்குத் தள்ளிரும். அழகா ஸ்கேல் வச்சுப் போட்டிருக்கே, அதனால தெரிஞ்சுதான் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தரும் அவள் தாளில் எதையும் நுழைக்கவில்லை. அவளே, தன் கையாலேயே, தன்னை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்கேலைப் பிடித்துக் கொடுத்திருந்தார்.

"திருத்தணும்னா ஆலோசகர் கையெழுத்தோட திருத்தப் படிவம் கொண்டா. நாளைக்கு நாலு மணிதான் கடைசி," என்றாள் அக்கா. "இடம் ரெண்டுதான் பாக்கி இருக்கு, பாத்துக்கோ."

மறுநாள் காலையில் பென்சில் சார் அறைக்கு முதல் ஆளாகப் போனாள். அவர் சின்னக் கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தால்தான் அவருக்கு அந்தப் பேர். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"உன்னை யாரும்மா கோடு போடச் சொன்னது?"

"உங்களை யார் சார் காலியா விடச் சொன்னது?"

அவர் கோபப்படுவார் என்று பார்த்தாள். கோபப்படத்தான் செய்தார். "பதினாலு வருஷமா ஆலோசகரா இருக்கேன். ஒரு பிள்ளைகூட இந்த வேலை பண்ணினதில்லை. நான் உன்னை நாலு வருஷப் பட்டத்துல சேக்கறதுக்குத்தான் தாளே போட்டுக் கொடுத்தேன்!"

"லென்ஸ் அண்ணனுக்கும் போட்டுக் கொடுத்தீங்க. அவர் நட்சத்திரம் படிக்க வந்தவரு, இப்ப ஸ்பானரோட நிக்கிறாரு. அந்தக் கட்டத்துல எழுதினது யார் சார்?"

அவர் மேஜையில் கிடந்த பென்சில் சீவலை ஒரு பக்கமாகக் கூட்டினார். அதைப் பார்த்ததும் தன் சந்தேகம் தப்பில்லை என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

"துறைக் கூட்டத்துல எழுதுவோம்," என்றார் கடைசியில். "பத்துப் பேர் சேராத பாடத்தை மூடிருவாங்க. பட்டறைப் பாடத்துக்கு யாரும் தானா வர்றதில்லை. மூடினா அந்த மேஸ்திரிக்கு வேலை இல்லை. அவர் இல்லேன்னா ஆய்வகத்துல ஒரு பம்பு கெட்டாக்கூடப் பாக்க ஆள் இல்லை. காலியா இருக்கிற பிள்ளைங்களை அங்க போடுவோம். நிரப்ப வேணாம்னு நான் யாரையும் தடுக்கலையேம்மா. வந்து கேக்கறவங்களுக்குச் சொல்லத்தானே செய்யறேன்."

"யாரு சார் வந்து கேக்கறாங்க? வீட்ல பட்டம் வாங்கினவங்க இருந்தாத்தான் இதையெல்லாம் கேக்கணும்னே தெரியும். எங்களுக்கு எல்லாரும் காலியாத்தான் விடறாங்கன்னு சொன்னீங்க. எல்லாரும் இல்ல. நாங்கதான்."

அவர் சீவலைக் குப்பைக் கூடையில் தள்ளினார். பிறகு இழுப்பறையிலிருந்து திருத்தப் படிவத்தை எடுத்தார். "சரி, சொல்லு. எதை எழுதணும்?"

"திடநிலை இயற்பியல்."

"அதை நடத்தறவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுறார். புது ஆள் வரலேன்னா பாடமே இருக்காது. இப்ப பேனாவுல எழுதிட்டா கடைசி வருஷம் அந்தரத்துல நிப்பே. அதுக்குத்தான் காலியா விடச் சொன்னேன். அது முழுக்கப் பொய் இல்லை."

அவளுக்கு நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. "புது ஆள் எடுக்கலாமா வேணாமான்னு எதை வச்சு சார் முடிவு பண்ணுவாங்க?"

"எத்தனை பிள்ளைங்க திட்டத்துல எழுதியிருக்காங்கன்னு பாத்துத்தான்."

"காலியா விட்டா எத்தனை பேருன்னு எப்படித் தெரியும்?"

அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். பதினாலு வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை, அவராகவும் கேட்டுக்கொள்ளவில்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. "எழுது," என்றார்.

திடநிலை எழுதினாள். அணுக்கரு எழுதினாள். மூன்றாவது கட்டத்துக்கு முன்னால் பேனா நின்றது. அவர் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சந்தையில் பேரம் பேசுகிறவர் போலச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு பட்டறைக்குக் கொடேன். நீ எழுதினா நானே கூட்டத்துல சொல்வேன், விருப்பப்பட்டு ஒரு பிள்ளை வந்திருக்குன்னு."

அவளுக்கு அப்பாவின் துளை போடும் மெஷினின் சத்தம் காதில் கேட்டது. ஒரு மேஸ்திரியின் வேலை போவது அவளுக்கு மட்டும் இனிக்குமா? தவிர, கடைசி வருஷத்தில் வேறு எந்தப் பாடம் நிச்சயம் நடக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை. எழுதினாள். "ஆனா சார், கேட்டு எழுத வைங்க. காலியா விட்டு எழுதாதீங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவில்தான். போட்டுவிட்டுத்தான் சொன்னார்: "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. பத்துப் பேர் வரலேன்னா பட்டறையும் நடக்காது. அப்ப உனக்கு ஒரு பாடம் குறையும்."

வரிசை நகர்ந்து நகர்ந்து மூன்றே கால் மணிக்குத்தான் பதிவு அலுவலக ஜன்னலுக்கு வந்தாள். அக்கா தட்டத் தட்ட, ஒவ்வொரு பாடத்தையும் வாய்விட்டுப் படித்தாள்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

பின்னால் வரிசையில் ஒருத்தன், "ஏம்மா, பட்டம் வாங்கிட்டுத்தான் நகருவியா?" என்று கத்தினான். அச்சுத் தாள் வந்தது. நாலு வருஷப் பட்டம். கணித இயற்பியல் இரண்டு, முப்பத்தொன்பதாவது இடம். அவள் ஓரமாக ஒதுங்கி நின்று அதை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தாள். மூச்சு வந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம்."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பெண் அவளைத்தான் கூப்பிட்டாள். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவள், அதனால் தாள் கொடுக்க இந்த வாரம் முழுக்க அவளுக்கு அவகாசம் உண்டு. உள்ளங்கை நிறையக் காய்ப்பு. நூற்பாலையோ, வயலோ, என்னவோ ஒன்று. அவள் நீட்டிய தாளில் பென்சில் எழுத்து, கீழே மூன்று வெள்ளைக் கட்டம்.

"சார் இதை அப்புறம் பாத்துக்கலாம்னாரு. விட்டுடலாமாக்கா?"

கொக்கி தாளைப் பார்த்தாள். மனசுக்குள் கணக்கு ஓடியது. இவள் காலியாக விட்டால் பட்டறைக்கு ஒரு தலை. இவளைப் போல ஒன்பது பேர் காலியாக விட்டால் தன் கடைசி வருஷம் தப்பிக்கும். இவளிடம் சொன்னால் இவள் இன்னொருத்தியிடம் சொல்வாள், அவள் விடுதி முழுக்கச் சொல்வாள், பத்துப் பேர் பிறகு எங்கிருந்து வருவார்கள்? ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. தலையை லேசாக ஆட்டினால் போதும்.

"எல்லாரும்..." என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தை யாருடையது என்று நாக்குக்கே தெரிந்து அங்கேயே நின்றது.

"விடாதே," என்றாள். "விட்டா அவங்க எழுதுவாங்க. கோடும் போட்டுராதே, போட்டா உன்னைத் தூக்கி மூணு வருஷத்துல போட்டுருவாங்க. உனக்கு என்ன வேணும்னு யோசிச்சு நீயே எழுது. எது நடக்கும், எது நடக்காதுன்னு சார்கிட்ட நின்னு கேளு. நகராதே, சொல்ற வரைக்கும் கேளு."

"சரிக்கா."

"இன்னொண்ணு. பட்டறைப் பாடம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பத்துப் பேர் சேரலேன்னா எனக்குத்தான் நஷ்டம். அதனால அது நல்லா இருக்கும்னு நான் எப்பவாவது சொன்னா, அதையும் அப்படியே நம்பிடாதே. விசாரிச்சுக்கோ."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு சொல்கிறாளே, இவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற பார்வை அது. தாளை மெல்ல மடித்தாள். ஜன்னல் காலியாகிப் பதிவு அக்கா கையை நீட்டிக் கூப்பிட்டும், அவள் கொடுக்கவில்லை.

"நான் நாளைக்கு வரேன்," என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே நடந்தாள்.